காந்தத்துக்குத் தரம் பார்க்கிறவர்களிடம் சில கேள்விகள்

“கம்பெனிக்குள்ள ஏது தோழர் சாதி? மெஷினுக்குச் சாதி தெரியுமா?”

போன மாதம் கணபதியில், டெக்ஸ்டூல் பாலத்துப் பக்கம் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டு ஒரு தொழிற்சங்கத் தோழர் என்னைக் கேட்ட கேள்வி இது. நல்ல மனிதர். இருபது வருசமாகக் கொடி பிடிக்கிறவர். போலீஸ் அடியும் வாங்கியிருக்கிறார். அதனாலேயே அவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலாளிகளுக்குப் பதில் எழுதுவதற்காக இந்தப் பத்திரிகையின் பக்கங்களை நான் வீணடிக்க மாட்டேன்.

மெஷினுக்குத் தெரியாது தோழர். மெஷின் முன்னால் யாரை உட்கார வைப்பது, பெட்டி பக்கத்தில் யாரை நிறுத்துவது என்று தீர்மானிக்கிற ஆளுக்குத் தெரியும். அன்றைக்கு டீ ஆறிப்போகிற வரைக்கும் வாய் வரவில்லை எனக்கு. எழுத்தில்தான் வருகிறது.

சத்தி ரோட்டில் ஒரு வங்கிக் கிளையில் எழுத்தர் வேலை எனக்கு. கணபதி, மணியகாரம்பாளையம், சின்னவேடம்பட்டி, அத்திப்பாளையம் பிரிவு என்று சுற்றுவட்டாரம் முழுக்க லேத் பட்டறை, பவுண்டரி, மோட்டார் பட்டறை. சந்துக்கு நாலு ஜாப் ஒர்க் ஷெட். மாசம் பொறந்தால் சம்பளப் பட்டியல்கள் கவுண்ட்டருக்கு வரும். பல கம்பெனிக்கு இரண்டு பட்டியல். ஒன்று கம்பெனி ஆட்கள், இன்னொன்று காண்ட்ராக்டர் ஆட்கள். பெயர்களையும் தெருக்களையும் வைத்தே எந்தப் பட்டியலில் எந்த ஊர்க்காரன் இருப்பான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். வங்கி ரகசியம், அதற்கு மேல் சொல்லக்கூடாது. ஆனால் என் சித்தி மகள் எந்தப் பட்டியலில் இருக்கிறாள் என்று சொல்ல எனக்கு யார் அனுமதியும் வேண்டியதில்லை. அவள் இரண்டாவது பட்டியல். டிப்ளமோ எலக்ட்ரிகல் முடித்தவள். காந்தம் பெட்டி கட்டுகிறாள்.

கம்பெனியின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் “அந்தக் கம்பெனி அப்படித்தாங்க” என்று மற்றவர்கள் கை கழுவிவிடுவார்கள்.

காந்த வேலை என்றால் என்ன என்று வெளியூர்த் தோழர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோவை என்றால் பம்பு மோட்டார் என்றுதான் நினைப்பீர்கள். நம் தோட்டத்துப் பம்பு மோட்டார்களில் பெரும்பாலானவற்றில் நிலைக்காந்தம் கிடையாது. சிலிக்கான் கலந்த மெல்லிய எஃகுத் தகடுகளை அடுக்கி, கம்பி சுற்றி ஓட்டுகிற மோட்டார் அது. காரில் மழைக்கு ஆடுகிற வைப்பர் மோட்டார், ஸ்கூட்டர் மோட்டார், இப்போது வருகிற கரண்ட் மிச்சப்படுத்தும் ஃபேன், இதற்கெல்லாம் நிலைக்காந்தம் வேண்டும். விலை குறைந்த காந்தம் ஃபெரைட். இரும்பு ஆக்சைடும் ஸ்ட்ரான்சியம் கார்பனேட்டும் கலந்து சுட்டு எடுப்பது. பார்த்தால் கறுப்பு ஓட்டுச்சில்லு மாதிரி இருக்கும், கீழே விழுந்தால் ஓடு மாதிரியே உடையும். வளைத்துச் செய்த துண்டுக்கு ஆர்க் என்று பேர்.

தங்கச்சி வேலை செய்கிற இடத்தில் காந்தமேற்றாத ஆர்க்கை வெளியிலிருந்து வாங்குகிறார்கள். விளக்கு வெளிச்சத்தில் விளிம்பு உடைசல், கீறல் பார்க்கிறார்கள். கேஜ் வைத்து அளவு பார்க்கிறார்கள். பிறகு காயிலுக்குள் வைத்து ஒரே ஒரு மின் அடி கொடுத்தால் கல்லு காந்தமாகிவிடும். அப்புறம் காஸ் மீட்டர் முனையை வைத்து பலம் பார்ப்பது, எந்தப் பக்கம் வட துருவம் என்று பார்த்து விளிம்பில் புள்ளி வைப்பது. உட்பக்கம் வடக்கு என்றால் சிவப்பு, உட்பக்கம் தெற்கு என்றால் நீலம். இதுவரைக்கும் க்யூசி. இது ஃபேன் ஓடுகிற தடுப்பு அறை. நாற்காலி உண்டு.

தடுப்புக்கு வெளியே பேக்கிங். நின்றுகொண்டே வேலை. ஆர்க்கை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி, நடுவில் அட்டை வைத்து, தெர்மோகோல் கொடுத்து, டேப் ஒட்டி, லேபிள் ஒட்டி, பெட்டியைத் தூக்கி வைப்பது. அட்டை வைக்காமல் விட்டால் இரண்டு காந்தமும் பாய்ந்து மோதி விளிம்பு தெறிக்கும். நடுவில் விரல் இருந்தால் விரலுக்கு ரத்தக்கட்டு.

தடுப்புக்கு உள்ளே நாலு பேர். நாலு பேரும் ஒரே சாதி, அதில் இரண்டு பேர் ஓனருக்குச் சொந்தம். தடுப்புக்கு வெளியே பதினோரு பேர். ஒன்பது பேர் எங்க சனம், அருந்ததியர். மீதி இரண்டு பேர் ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளைகள், அவர்கள் என்ன சாதி என்று யாரும் கேட்கவில்லை, கேட்காமலே வெளியே நிறுத்திவிட்டார்கள். இதற்கு எந்தப் போர்டும் மாட்டவில்லை. மாட்டத் தேவையில்லை. கொங்கு நாட்டு டீக்கடையில் இரட்டைக் குவளைக்கு யார் போர்டு மாட்டினார்கள்?

ஒரு நாள் நடந்தது. இரண்டு ட்ரே சிவப்புப் புள்ளி ஆர்க் பேக்கிங்குக்கு வந்தது. முதல் ட்ரேயில் இருந்து அடுக்கி முடித்து, அடுக்கு முழுசாக வேண்டும் என்று இரண்டாவது ட்ரேயில் இருந்து ஒரு ஆர்க்கை எடுத்து வைத்தாள். அது உட்காரவில்லை. தள்ளிக்கொண்டு போனது. இன்னொன்று எடுத்தாள். அதுவும் தள்ளியது. இதிலே ஒரு நுட்பம் இருக்கிறது. உட்பக்கம் வடக்காக இருக்கிற ஆர்க்குகள் ஒன்றுக்குள் ஒன்று ஒட்டிக்கொள்ளும். உட்பக்கம் தெற்காக இருப்பவையும் தங்களுக்குள் ஒட்டிக்கொள்ளும். இரண்டையும் கலந்தால் அடுக்கவே முடியாது, கையை உதறும். ஆக, இரண்டு ட்ரேயிலும் சிவப்புப் புள்ளி இருந்தும் ஒன்றையொன்று தள்ளுகிறது என்றால், ஒரு ட்ரேக்குப் புள்ளி தப்பாக வைத்திருக்கிறார்கள். காஸ் மீட்டர் இல்லாமல், திசைகாட்டி இல்லாமல், கை சொல்லிவிட்டது.

தடுப்புக்கு உள்ளே போய்ச் சொன்னாள். “சார், ஒரு ட்ரேயில கலர் மாறியிருக்குதுங்.”

“ரீடிங் பாத்தாச்சு, கையெழுத்தும் போட்டாச்சு. உன்ற வேலை டேப் ஒட்டறது புள்ள. ரெண்டு ட்ரேயும் வேற வேற பெட்டில போட்டு ஒட்டு.”

வேற வேற பெட்டியில் போட்டு ஒட்டினாள். லேபிளில் “பரிசோதிக்கப்பட்டது, ஓகே”. மூணு வாரத்தில் திரும்பி வந்தது. வைப்பர் மோட்டார்க் கூட்டுக்குள் எதிரெதிராக இரண்டு ஆர்க். ஒன்றுக்கு உட்பக்கம் வடக்கு, இன்னொன்றுக்குத் தெற்கு. சிவப்புப் பெட்டியிலிருந்து ஒன்று, நீலப் பெட்டியிலிருந்து ஒன்று எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். இரண்டும் ஒரே துருவமாகிப் போனது. மோட்டார் ஓடவில்லை. வாங்கின கம்பெனி புகார் எழுதியது. இங்கே விசாரணை ரிப்போர்ட் எழுதினார்கள். காரணம் என்ற கட்டத்தில் ஒரே வரி: பேக்கிங்கில் கலந்துவிட்டது. அவளுக்கு மூணு நாள் சம்பளம் பிடித்தம்.

தோழர்களே, மாணவர்களே, இந்த ஒரு வரியை மட்டும் நின்று பாருங்கள். பேக்கிங்கில் கலக்க முடியாது. கலந்தால் அடுக்கு நிற்காது, காந்தமே ஒத்துக்கொள்ளாது. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த பாடம் இது, ஒத்த துருவங்கள் விலக்கும். அந்த ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவர் பொறியியல் பட்டதாரி. அவருக்குப் பாடம் தெரியாமல் இல்லை. தப்பு எப்போதும் கீழே இருந்துதான் வரும் என்கிற பாடம் அதைவிட ஆழமாகத் தெரிந்திருக்கிறது. வீட்டில் பொருள் காணாமல் போனால் முதலில் பண்ணையாளைக் கட்டிவைத்த பழக்கம்தான் இது, இப்போது கட்டம் போட்ட ஃபாரத்தில் வருகிறது.

இதைத்தான் டீக்கடையில் தோழரிடம் சொன்னேன். அவர் சொன்ன பதில், “அது மேனேஜ்மெண்ட் அநியாயம் தோழர், ஒத்துக்கறேன். இதுல சாதியக் கொண்டுவந்தா தொழிலாளி ஒத்துமை உடஞ்சிரும்.” ஒற்றுமை இருந்தால்தானே உடைவதற்கு? தடுப்புக்கு உள்ளே இருக்கிற நாலு பேரும் தொழிலாளிகள்தான், உங்கள் கணக்குப்படி. அந்த நாலு பேரில் ஒருத்தராவது வெளியே வந்து “புள்ளி வச்சது நாங்க” என்று சொன்னார்களா?

இந்தச் சண்டை புதுசு இல்லை. 1928இல் மும்பைப் பஞ்சாலைகளில் பெரிய வேலைநிறுத்தம். அந்த ஆலைகளில் நூற்புப் பிரிவில் தீண்டப்படாதவர்களுக்கு வேலை உண்டு, கூலி அதிகமுள்ள நெசவுப் பிரிவில் கிடையாது. காரணம் என்ன? நாடாவில் நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும், எச்சில் படும், தீட்டு. நெசவுப் பிரிவில் எங்கள் ஆட்களுக்கும் வேலை என்பதைக் கோரிக்கைகளில் சேருங்கள் என்று அம்பேத்கர் வேலைநிறுத்தத் தலைவர்களிடம் சண்டை போட்டுத்தான் சேர்க்க வைத்தார். மனமில்லாமல் சேர்த்தார்கள். பத்து வருசம் கழித்து 1938இல் மன்மாட்டில் ரயில்வே தலித் தொழிலாளர் மாநாடு. கேங்மேனாகச் சேர்ந்தவன் கேங்மேனாகவே சாகிறான், போர்ட்டர் ஆக்கினால் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வேலைக்கு ஆகமாட்டான் என்று அதையும் தருவதில்லை என்று அங்கே அவர் கணக்கு வைத்தார். அன்றைக்குத் தறிக்கு எச்சில் என்றார்கள். காஸ் மீட்டரில் என்ன எச்சில் படுகிறது? அதன் முனையைக் கையில் பிடித்தால் முள் நகராதா?

கோவைத் தொழில் வரலாறு எழுதுகிறவர்கள் 1937ஐப் பெருமையாக எழுதுவார்கள். ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் இந்தியாவில் செய்த மோட்டார். பைக்காரா மின்சாரம் 1930களில் வந்ததும் தோட்டம் தோட்டமாக மோட்டார் ஏறியது. எல்லாம் சரி. மோட்டார் ஏறுவதற்கு முன்னால் கிணற்றில் என்ன இருந்தது? கவலை. மாடு பூட்டி, தோல் சாலில் தண்ணீர் இறைத்தார்கள். அந்தச் சாலைத் தைத்தவர்கள் யார், பதம் போட்டவர்கள் யார், கிழிந்தால் ராத்திரியில் ஓடி வந்து ஒட்டுப்போட்டவர்கள் யார்? எங்கள் தாத்தன்மார். என் தாத்தா தைத்த சாலைத் தோட்டக்காரர் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பார்ப்பாராம். ஒரு சொட்டு ஒழுகினாலும் கூலித் தவசம் குறையும். ஆக, தரப் பரிசோதனை எங்களுக்கு ஜப்பான்காரன் கொண்டுவந்த சங்கதி இல்லை. கொங்கு நாட்டு நீர்ப்பாசனத் தொழில்நுட்பமே எங்கள் கையில் இருந்தது. சால் போய் மோட்டார் வந்தபோது அந்தக் கைகளுக்கு மோட்டார் கற்றுக்கொடுக்கவில்லை. காட்டு வேலைக்கும் கக்கூஸ் வேலைக்கும் அனுப்பினார்கள். மூணாம் தலைமுறையில் டிப்ளமோவோடு பட்டறை வாசலுக்கு வந்தால் டேப்பைக் கையில் கொடுக்கிறார்கள்.

விமானத்தில் காந்தம் அனுப்புவதற்கு ஒரு விதி உண்டு. தங்கச்சிதான் சொன்னாள். பெட்டியிலிருந்து 2.1 மீட்டர் தள்ளி, அதாவது ஏழு அடியில், அளந்து பார்த்தால் 0.002 காஸுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் அபாயச் சரக்கு. 4.6 மீட்டரில், பதினைந்து அடியில், 0.00525 காஸைத் தாண்டினால் சாதாரண முறையில் விமானத்தில் ஏற்றவே மாட்டார்கள். விமானத்தின் திசைகாட்டி கெட்டுவிடும் என்று பயம். அதற்காகப் பெட்டிக்குள் இரும்புத் தகடு கொடுத்து, வடக்கையும் தெற்கையும் மாற்றி மாற்றி அடுக்கி, புலத்தை உள்ளேயே அடக்குகிறார்கள். இந்த வேலை முழுக்கப் பேக்கிங்கில்தான் நடக்கிறது. எந்தத் தகடு எங்கே என்று கணக்குப் போடுவது அவள். அதற்கு “பேக்கிங் ஹெல்ப்பர்” என்று பெயர். கேட்டபோது எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் மலபார். எந்தச் சாதிக்காரன் எத்தனை அடி தள்ளி நின்றால் தீட்டு ஒட்டாது என்று அங்கே அடிக்கணக்கு வைத்திருந்ததை வெள்ளைக்காரன் காலத்துப் பதிவுகளில் பார்க்கலாம். காந்தத்தையாவது கருவி வைத்து அளந்த பிறகு தள்ளி வைக்கிறார்கள்.

இனி தகுதி, திறமை. 1990இல் மண்டல் வந்தபோது தெருவில் கூவியவர்கள் இன்றைக்குப் பட்டறைக்குள் “குவாலிட்டி” என்று மெதுவாகச் சொல்கிறார்கள். காந்தத் தொழிலில் ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிந்த ஒரு வழக்கம் உண்டு. மயிரிழைக் கீறல் இருந்தாலும், துகள் உதிராமல், பேசின பலத்தைக் கொடுத்தால், அந்தக் காந்தத்தை ஒதுக்குவதில்லை. பார்வைக்கு எப்படி இருக்கிறது என்பதைவிட என்ன வேலை செய்கிறது என்பதுதான் கேள்வி. கீறல் விட்ட கல்லுக்கு இருக்கிற நியாயம் அது. எங்கள் பிள்ளைக்கு? அவள் ரீடிங்கை யார் கேட்டார்கள்? முன்பு க்யூசி ஆள் ஒருத்தர் கல்யாண லீவில் போனபோது மூணு வாரம் இவளைத்தான் காஸ் மீட்டரில் உட்கார வைத்தார்கள். அளந்தது இவள், கையெழுத்து சூப்பர்வைசருடையது. அந்த லாட்டுகள் ஒன்றும் திரும்பி வரவில்லை. பிறகு காலியிடம் வந்தபோது அன்னூர்ப் பக்கமிருந்து ஒரு பையன் வந்தான், ஓனர் சம்சாரத்துக்குத் தூரத்துச் சொந்தம். அவனுக்கு மீட்டரை ஆன் பண்ணச் சொல்லிக்கொடுத்ததும் இவள்தான்.

“படிச்ச ஆளுக கெடைக்கறதில்லைங்க” என்பது பழைய சாக்கு. 2009இல் தமிழ்நாட்டில் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அதன் வழியாகப் பாலிடெக்னிக்குக்கும் இன்ஜினியரிங் கல்லூரிக்கும் போன பிள்ளைகள் இன்று ஊர் ஊருக்கு இருக்கிறார்கள். உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கல்லூரி வாசல் வரைக்கும் அரசு கொண்டுவந்து விட்டது. அதற்குப் பிறகு வருகிற கேட் தனியாருடையது, அங்கே ஒதுக்கீடு கிடையாது, சொந்தம் பந்தம்தான் பரீட்சை.

சட்டம் காப்பாற்றும் என்கிறீர்களா? 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 20 பேர் இருந்தாலே பாயும். 2025 நவம்பர் 21இல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அது 50 ஆகிவிட்டது. கணபதிச் சந்துகளில் 50 ஒப்பந்த ஆள் வைத்திருக்கிற ஷெட்டை விரல் விட்டு எண்ணலாம். மைய வேலையில் ஒப்பந்தத் தொழிலாளி கூடாது என்று அதிலும் ஒரு விதி இருக்கிறது, விலக்குகளோடு. எது மைய வேலை இல்லை என்று ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். முதலாவது, கூட்டுவது, துடைப்பது, கழிவு அள்ளுவது. பிறகு காவல், சமையல், சுமை ஏற்றி இறக்குவது. பட்டியலைப் படித்துவிட்டுச் சேரித் தெருவில் நடந்து பாருங்கள், வீட்டுக்கு வீடு யார் என்ன வேலை என்று எழுதிவைத்த மாதிரி இருக்கும். மோட்டார்க்காரர்கள் இரும்புத் தகடு அடுக்குக்கு “கோர்” என்பார்கள். சட்டத்தின் ஆங்கிலத்திலும் மைய வேலைக்கு அதே சொல்தான். இரண்டு கோரிலும் நாங்கள் இல்லை.

இப்போது ஊரெல்லாம் காந்தப் பேச்சு. 2025 ஏப்ரலில் சீனா அரிய மண் தனிமங்களுக்கும் அவற்றின் காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டதும் வண்டிக் கம்பெனிகள் ஆடிப்போயின. நவம்பரில் மத்திய அமைச்சரவை அரிய மண் காந்தம் இங்கேயே செய்ய 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. வருசத்துக்கு 6,000 டன் இலக்கு. அது பொதுப்பணம், என் சித்தி வாங்குகிற சோப்பு வரியும் அதில் இருக்கிறது. அந்தப் பணத்தில் காந்தம் செய்கிறவன், தடுப்புக்கு உள்ளே எத்தனை தலித், வெளியே எத்தனை தலித் என்று வருசா வருசம் கணக்கு வெளியிடட்டும். பிரிவு வாரியாக, பதவி வாரியாக. தொழிற்சங்கங்கள் போனஸ் கோரிக்கையோடு இதையும் முதல் பக்கத்தில் எழுதட்டும். பரிசோதனை ஃபாரத்தில் அளந்தவர் பெயர் ஒரு கட்டம், ஒப்புதல் தந்தவர் பெயர் ஒரு கட்டம் என்று இரண்டும் வேண்டும். காசு செலவில்லாத கோரிக்கை. அதற்குத்தான் எதிர்ப்பு அதிகம் வரும், பாருங்கள்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நானும் தரம் பிரிக்கிற ஆள்தான். நல்ல நோட்டு, அழுக்கு நோட்டு, கிழிந்த நோட்டு என்று தினம் பிரிக்கிறேன். எங்கள் கிளையில் கூட்டுகிற அம்மா எங்கள் தெருக்காரர். பகுதி நேர ஊழியர், வருசக்கணக்காகப் பகுதி நேரம். அவர் வைக்கிற தண்ணீரைக் குடிக்காமல் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவருகிறவர்கள் இரண்டு பேர் உண்டு. அதை நான் இதுவரைக்கும் எங்கள் சங்கக் கூட்டத்தில் பேசவில்லை. கோட்டாக்காரன் பேசறான் என்பார்கள் என்று பயம். அந்தப் பயம் இருக்கும்வரை டீக்கடைத் தோழரைக் குறை சொல்ல எனக்குப் பாதி உரிமைதான். அடுத்த கூட்டத்தில் பேசுவதாக அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

தங்கச்சி வேலையை விடவில்லை. பிடித்தம் போன மறுநாள் ஒரு அறுபது பக்க நோட்டு வாங்கினாள். தேதி, ட்ரே எண், புள்ளி நிறம், கையில் பட்டது என்ன, யாரிடம் சொன்னாள், அவர் என்ன சொன்னார். ஒவ்வொரு நாளும் எழுதுகிறாள். தோழருக்கு இது தெரிந்து, போன வாரம் அந்த நோட்டைக் கேட்டனுப்பியிருக்கிறார். லேபர் ஆபீசில் வைத்துப் பேசலாம் என்றாராம். “குடுக்கட்டுங்களாண்ணா?” என்று கேட்டாள். ஜெராக்ஸ் எடுத்துக் குடு கண்ணு, நோட்டு உன்னிடமே இருக்கட்டும் என்றேன்.